கேள்வியே கேட்காத இன்ஸ்டலேஷன்!

பரீட்சைக்கு முதல் நாளே கேள்வித்தாள் ‘அவுட்’ ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்? (நீங்கள் ரொம்ப நல்லவர், ஹெட்மாஸ்டரிடம் கொடுத்துவிடுவீர்கள். உங்கள் நண்பரைக் கேட்கிறேன்.) வீட்டிலேயே விடை எழுதி எடுத்துப் போய் நீட்டிவிட்டு வந்துவிடலாம். பெரிய பெரிய கம்ப்யூட்டர் அறைகளில் இன்று நடப்பது இதுதான். சட்டப்படியே!

என் மச்சினன் அம்பத்தூர் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறான். அவன் வாயில் நிமிஷத்துக்கு ஒரு தரம் வரும் வார்த்தை ‘ஹைப்பர்வைஸர்’. நான் பி.காம்., டெபிட்-கிரெடிட் பேர்வழி. எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக்குடித்தன வீடு. ஒரே கூரை, ஒரே கிணறு, எட்டுக் குடித்தனம். தண்ணீரையும் கரண்ட்டையும் பங்கு போட்டு, ஒரு போர்ஷன் சண்டை அடுத்த போர்ஷனுக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கார அம்மாள் இருக்கிறாரே, அவர்தான் ஹைப்பர்வைஸர். ஒரே சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்கள் குடியிருக்கும். ஒவ்வொன்றும் முழு வீடும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கும்!

யோசனை பழசு. ஐ.பி.எம். தன் மெயின்ஃப்ரேமுக்கு வி.எம்/370-ஐ அறிவித்தது 1972-ல். 1998-ல் பிறந்த வி.எம்.வேர் அதைச் சாதாரண சர்வர்களுக்குக் கொண்டுவந்து கொடி நாட்டியது. (2023 நவம்பரில் அந்தக் கம்பெனியையே பிராட்காம் வாங்கிவிட்டது.)

வி.எம்.வேரின் ஹைப்பர்வைஸர் பெயர் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. இதைக் கையால் ஏற்றினால் ஒரே கேள்வி மயம். லைசென்ஸ் சம்மதமா? எஃப்11. (முழுசாகப் படித்தவர் யாராவது உண்டா?) எந்த டிஸ்க்? எந்தக் கீபோர்டு? பாஸ்வேர்ட் இரண்டு தடவை. மறுபடி எஃப்11. ஒரு சர்வர் என்றால் டீ குடித்துக்கொண்டே முடிக்கலாம். நாற்பது என்றால்? இருபதாவதில் கண் சொக்கும். முப்பத்தோராவதில் 6 அடிக்கவேண்டிய இடத்தில் 9 விழும்.

கேள்விகள் எப்போதும் அதேதானே? விடையை ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டால் போச்சு. இதற்குப் பெயர் ‘கிக்ஸ்டார்ட்’. ஸ்கூட்டரை உதைப்பது போலத்தான், ஆனால் ஒரே உதையில் நிஜமாகவே கிளம்பிவிடும். ரெட்ஹாட் லினக்ஸ்காரர்கள் பழக்கிவிட்ட வழி. பிராக்ஸ்மாக்ஸ் என்கிற இன்னொரு ஹைப்பர்வைஸர் 2024-ல் தன் 8.2 பதிப்பில் இதே வசதியைக் கொண்டுவந்தது. அங்கே ஃபைலின் பெயரே ‘ஆன்ஸர்’!

புது சர்வருக்கு கரண்ட் கொடுத்ததும் அது நெட்வொர்க்கில், “யாராவது எனக்கு ஒரு அட்ரஸ் கொடுங்களேன்” என்று கத்தும். டி.எச்.சி.பி. என்கிற பெரியவர் அட்ரஸும் கொடுத்து, “இன்ன இடத்துக்குப் போய் இன்ன ஃபைலை வாங்கிக்கோ” என்று வழியும் சொல்வார். விடைத்தாளும் கைக்கு வந்து சேரும். அப்புறம் மனிதனுக்கு வேலை இல்லை.

“ஜாலிதான் போல!” என்றேன்.

“இல்லை மாமா. முன்னே ரெண்டு ராத்திரி முழிச்சிருப்பேன். இப்ப ரெண்டு நாளா இந்த ஒரு வரியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்” என்று காட்டினான்.

‘இன்ஸ்டால், ஃபர்ஸ்ட்டிஸ்க், ஓவர்ரைட் வி.எம்.எஃப்.எஸ்.’ அதாவது, கண்ணில் படும் முதல் டிஸ்க்கில் ஏறு. அங்கே பழைய டேட்டா கிடங்கு இருந்தாலும் அழித்துவிட்டு ஏறு!

முதல் டிஸ்க் எது? இங்கேதான் வயிற்றைக் கலக்குகிறது. இன்ஸ்டாலர் முதலில் சர்வரின் சொந்த டிஸ்க்கைத் தேடும். அது கிடைக்கவில்லை என்றால்... மேலே சொல்லி நிற்காது. அடுத்து நெட்வொர்க் வழியாகத் தெரியும் ஸ்டோரேஜுக்குப் போகும். யு.எஸ்.பி. அப்புறம்தான். அந்தப் பொது ஸ்டோரேஜில்தான் கம்பெனியின் சம்பளப் பட்டியல், ஜி.எஸ்.டி. கணக்கு, கஸ்டமர் ஜாதகம் எல்லாம் குடியிருக்கும். ஒரு சர்வரில் டிஸ்க் சரியாகச் சொருகப்படவில்லை, ஸ்டோரேஜ் கண்ணில் பட்டுவிட்டது என்றால், ஜாதகம் அவுட்! கையால் செய்யும்போது பட்டியலில் சைஸைப் பார்த்தே, “அட, இது அதில்லையே” என்று விரல் நின்றுவிடும். விடைத்தாளுக்கு விரல் ஏது? எங்கள் கணக்குப் பாஷையில் சொன்னால், தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக்.

இன்னொரு கூத்து. ஈ.எஸ்.எக்ஸ்.ஐ.யோடு வரும் மாதிரி ஸ்கிரிப்ட்டில் ஒரு பாஸ்வேர்ட் இருக்கிறது. கையேட்டிலும் அச்சடித்திருக்கிறார்கள். அதை அப்படியே விட்டுவிடுவது, பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுகிற மாதிரி.

“ட்ரைரன்னு ஒரு கட்டளை உண்டாமே மாப்ளே? ஒத்திகை பார்த்துடேன்” என்றேன். அவனோடு சுற்றியதில் நானும் நாலு வார்த்தை பொறுக்கி வைத்திருந்தேன்.

“அது ஸ்கிரிப்ட் சரியா எழுதியிருக்கான்னு பார்க்கும். அழிக்கச் சொன்ன டிஸ்க் சரியான்னு பார்க்குமா?”

‘ஓவர்ரைட்’டை எடுத்துவிட்டான். முதல் டிஸ்க் என்பதற்குப் பதில் அந்த டிஸ்க்கின் பெயரையே எழுதினான். அப்படியும் திருப்தி இல்லை. ராக்கின் பின்பக்கம் கூட்டிப் போனான். தரையில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் கட்டுக்கட்டாகச் சுருண்டு கிடந்தன.

“ஸ்டோரேஜுக்குப் போற கேபிள், மாமா. நாற்பதும் ஏறி முடிச்சு, நான் ஒவ்வொண்ணா பார்த்தப்புறம்தான் சொருகுவேன். காலை எடுங்க, மிதிச்சுடாதீங்க.”