எட்டி நிற்க ஒரு லென்ஸ்: பறவைப் படமும் மிரர்லெஸ் கேமராவும்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மே மாதம். எங்க ஊர் ஏரி முக்கால்வாசி வற்றிக் கிடந்தது. கையில் புதுசா வாங்கின மிரர்லெஸ் கேமரா, அதில் 300 மிமீ வரை போகும் ஒரு ஜூம் லென்ஸ். கரையை விட்டு இறங்கி நடந்தேன். ஒரு ஆட்காட்டி கத்திக்கொண்டே எழும்பியது. என் தலைக்கு மேலேயே சுற்றியது. 'நல்லா போஸ் கொடுக்குதே' என்று நினைத்து, அது இறங்கும் இடத்துக்கெல்லாம் போய்ப் போய்ப் படம் எடுத்தேன். இருபது நிமிஷம் இருக்கும்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபோதுதான் ஒன்றின் ஓரத்தில் அது தெரிந்தது. கூழாங்கல் நடுவே நான்கு முட்டைகள். கல் நிறத்திலேயே, கரும்புள்ளிகளோடு. ஆட்காட்டி கூடு கட்டாது, வெறும் தரையில்தான் முட்டையிடும். கோடை வெயிலில் அந்த முட்டைக்குச் சூடு கொடுப்பது மட்டும் வேலை இல்லை, சூட்டிலிருந்து காப்பதும் வேலை. தாயும் தகப்பனும் தண்ணீரில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். பதினொரு மணி வெயிலில், இருபது நிமிஷம், அந்த வேலையை நான் நிறுத்தி வைத்திருந்தேன். அந்த முட்டைகள் பொரித்தனவா என்று பார்க்கப் போகவே எனக்குத் தைரியம் வரவில்லை.

டெலிஃபோட்டோ லென்ஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். காரணம், 'பறவையைக் கிட்டே இழுக்கிற லென்ஸ்' என்ற நம் பேச்சே கொஞ்சம் கோளாறு. அது நம்மை எட்டி நிற்க வைக்கிற லென்ஸ். இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

மீட்டர் கணக்கு

ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மிமீ. அதை ஃபோகல் லெங்த்தால் வகுத்து, பறவை இருக்கும் தூரத்தால் பெருக்கினால், அந்தத் தூரத்தில் ஃபிரேமுக்குள் எத்தனை அகலம் அடங்கும் என்று தெரிந்துவிடும். 600 மிமீ லென்ஸ், 20 மீட்டர் தூரம் என்றால் 1.2 மீட்டர். வெண்மார்பு மீன்கொத்தியின் நீளம் ஏறக்குறைய 28 செ.மீ. ஆக, படத்தின் அகலத்தில் அது கால்வாசியைக்கூட நிரப்பாது. 'அட, 600 மிமீ போட்டும் இவ்வளவுதானா!' என்று எல்லாருக்கும் முதல் நாள் தோன்றும். எனக்கும் தோன்றியது.

இப்போது அதே அளவுப் படம் 400 மிமீ லென்ஸில் வேண்டும் என்றால் 13 மீட்டருக்குப் போக வேண்டும். 300 மிமீ என்றால் 10 மீட்டர். அதாவது 300-க்கும் 600-க்கும் உள்ள வித்தியாசம், நான் அந்த ஆட்காட்டியை நோக்கி நடந்த 10 மீட்டர். பறவை பொறுத்துக்கொள்ளும் தூரத்துக்கும் பறந்துவிடும் தூரத்துக்கும் நடுவில் பல சமயம் அவ்வளவுதான் இடைவெளி.

இங்கே ஏபிஎஸ்-சி சென்சார் பற்றி ஒரு குழப்பம் உண்டு. 'அதில் போட்டால் 600 மிமீ 900 ஆகிடும்' என்பார்கள். லென்ஸ் மாறுவதில்லை, ஓரத்தை வெட்டிவிட்டுக் காட்டுகிறது. ஆனால் ஒரு லாபம் நிஜம். 6000 பிக்சல் அகலமுள்ள ஃபுல் ஃபிரேமில் மேலே சொன்ன மீன்கொத்திக்கு 1400 பிக்சல் கிடைக்கும். அதே 6000 பிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் அடங்கினால் 2100-க்கு மேல் கிடைக்கும். பறவை மேல் எத்தனை பிக்சல் விழுகிறது என்பதுதான் கேள்வி, சென்சார் எத்தனை பெரிசு என்பது இல்லை. சின்னப் பறவைகளைத் தூரத்திலிருந்து எடுப்பவர்களுக்கு, செலவு குறைந்த ஏபிஎஸ்-சி பாடி மோசமான தேர்வே இல்லை.

மிரர் போனதால் என்ன மாறியது

பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் ஆட்டோஃபோகஸ் சென்சார் தனியாக, கண்ணாடிக்குக் கீழே இருக்கும். பெரும்பாலானவற்றில் எஃப் 5.6 வரைதான் அது ஒழுங்காக வேலை செய்யும். நல்ல மாடல்களில் எஃப் 8, அதுவும் பலவற்றில் சில புள்ளிகளில் மட்டும். அதனால் நீள ஜூம் லென்ஸ் செய்பவர்களுக்குக் கை கட்டப்பட்டிருந்தது. மிரர்லெஸ்ஸில் படம் எடுக்கும் சென்சாரே ஃபோகஸும் செய்கிறது. 2020-ல் கேனான் எஃப் 11-ல் நிலையாக நிற்கும் 600 மிமீ, 800 மிமீ லென்ஸ்களை வெளியிட முடிந்தது இதனால்தான். இன்றைக்குக் கைக்கு எட்டும் விலையில் நீள ஜூம்கள் எஃப் 7.1, 8 என்று வருவதும் இதே காரணத்தால்.

இரண்டாவது மாற்றம், பறவைக் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ். முன்பெல்லாம் கிளைக்குள் உட்கார்ந்த பறவையின் தலைமேல் புள்ளியை நகர்த்திக்கொண்டு வருவதற்குள் அது போய்விடும். இப்போது கேமராவே கண்ணைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் முழுசா நம்பிவிடாதீர்கள். நாணல் நடுவே இருந்தால் நாணலைப் பிடிக்கும். கறுப்பாக இருக்கும் நீர்க்காகத்திடம் தடுமாறும். அதனால் ஒரு பட்டனில் பறவைக் கண் தேடலையும், இன்னொரு பட்டனில் சிறிய ஒற்றைப் புள்ளியையும் வைத்திருக்கிறேன். முன்னது ஏமாற்றினால் விரல் தானாகப் பின்னதுக்குப் போகும்.

மூன்றாவது, சத்தமில்லாத ஷட்டர். கூட்டுப் பக்கம் இது பெரிய வரம். ஆனால் ஒரு கண்ணி உண்டு. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரி வரியாகப் படிக்கிறது. சாதாரண சென்சாரில் மேலிருந்து கீழ்வரை படித்து முடிப்பதற்குள் சிறகு அரை வீச்சு வீசிவிடும், படத்தில் சிறகு வாழைமட்டை மாதிரி வளைந்து வரும். ஸ்டாக்டு சென்சார் இருக்கும் விலை உயர்ந்த கேமராக்களில் இது கண்ணுக்குத் தெரியாத அளவு குறைவு. உங்களுடையது சாதாரண சென்சார் என்றால், உட்கார்ந்த பறவைக்கு எலக்ட்ரானிக், பறக்கும் பறவைக்கு மெக்கானிக்கல். குழப்பமே இல்லை.

வெளிச்சத்தின் விலை

600 மிமீ எஃப் 4 லென்ஸின் ஒளி நுழையும் வாய் 150 மிமீ விட்டம். எஃப் 6.3 என்றால் 95 மிமீ. பரப்பில் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வித்தியாசம். விலையில் அதைவிடப் பல மடங்கு. 2019-ல் வந்த சோனி 200-600, 2023-ல் வந்த நிக்கான் 180-600 எல்லாம் இந்த 95 மிமீ வகை. எடை 2 கிலோவை ஒட்டி இருக்கும்.

அந்தக் குறைந்த வெளிச்சத்தை எங்கே கட்டுகிறோம்? ஐஎஸ்ஓ-வில். பறக்கும் பறவைக்கு எனக்கு 1/2500 நொடி வேண்டும். ஏன் என்றால், 20 மீட்டர் தூரத்தில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் பறவை, 1/500 நொடியில் 2 செ.மீ. நகர்ந்துவிடும். நம் 1.2 மீட்டர் ஃபிரேமில் அது 100 பிக்சல் கலங்கல். கேமராவைப் பறவையோடு சேர்த்துத் திருப்பினால் உடம்பு தெளிவாகும், சிறகு நுனி ஆகாது. நல்ல வெயிலில் எஃப் 6.3, 1/2500-க்கு ஐஎஸ்ஓ 400 போதும். விடிந்ததும் மேகமூட்டமாக இருந்தால் 6400 ஆகிவிடும். பயப்பட வேண்டாம். இன்றைய சென்சாரும் நாய்ஸ் நீக்கும் மென்பொருளும் 6400-ஐச் சமாளித்துவிடும். அசைந்த படத்தைச் சமாளிக்க எதுவும் கிடையாது.

டெலிகன்வெர்ட்டர் பற்றியும் கேட்பார்கள். 1.4 மடங்கு போட்டால் எஃப் 6.3, எஃப் 9 ஆகும். 2 மடங்கு போட்டால் எஃப் 13. காலை ஒளியில் இரண்டாவது எனக்குப் பிரயோஜனப்பட்டதே இல்லை.

களத்தில் நான் செய்வது

மேனுவல் மோடு, ஆட்டோ ஐஎஸ்ஓ. ஷட்டரும் அப்பர்ச்சரும் என் கையில், மிச்சம் கேமரா பாடு. வெள்ளைக் கொக்கு இருண்ட தண்ணீர் மேல் நின்றால் ஒரு ஸ்டாப் குறைக்கிறேன், இல்லையென்றால் இறகு விவரமே இல்லாமல் வெளுத்துப் போகும். வானத்தை ஒட்டிப் பறக்கும் பருந்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டுகிறேன். எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டரில் இது எடுக்கும் முன்பே தெரிந்துவிடுவது மிரர்லெஸ்ஸின் பெரிய சௌகரியம்.

600 மிமீ-ல் நாம் பார்ப்பது 3.4 டிகிரி மட்டுமே. பறக்கும் பறவையை அதில் தேடுவது ஊசித்துளையில் தேடுவது மாதிரி. ஜூம் எதற்கு இருக்கிறது? 200-ல் பறவையைப் பிடித்து, ஃபோகஸ் பூட்டியதும் 600-க்குத் திருப்பணும். லென்ஸில் ஃபோகஸ் எல்லைச் சுவிட்ச் இருந்தால் '10 மீட்டர் முதல்' என்று வையுங்கள், முன்னால் இருக்கும் புல்லைத் தேடி லென்ஸ் அலையாது.

இன்னொன்று, லென்ஸ் விற்கிறவர் சொல்லாதது. கானல். ஒன்பது மணிக்கு மேல் தரையும் நீரும் சூடாகி, நடுவில் இருக்கும் காற்று நெளிய ஆரம்பிக்கும். பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையில் நின்று பள்ளிக்கரணையில் தூரத்தில் இருக்கும் பூநாரைகளை எடுத்துவிட்டு, 'லென்ஸ் ஷார்ப்பா இல்லை' என்று திட்டியவர்களில் நானும் ஒருவன். லென்ஸில் ஒன்றுமில்லை. நூறு மீட்டர் சூடான காற்று வழியாக எந்த லென்ஸும் தெளிவாகப் பார்க்காது. ஃபோகல் லெங்த் கூடக் கூட இந்த நெளிவும் பெரிதாகிறது. சீக்கிரம் போவதுதான் மருந்து.

எதை வாங்கலாம்?

உங்கள் தோளைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். 2 கிலோ லென்ஸை இரண்டு மணி நேரம் தூக்கிக்கொண்டு நடக்க முடியாவிட்டால் அது அலமாரியில்தான் இருக்கும். நிறைய நடப்பவர்களுக்கு கேனானின் 100-400 எஃப் 8 வகை 635 கிராம் லென்ஸ் போதும். உட்கார்ந்து காத்திருப்பவர்களுக்கு 200-600. நான் இரண்டாவது ஆள் ஆகிவிட்டேன். அந்த ஆட்காட்டி ஆக்கிவிட்டது.

மறுவருஷம் மே மாதம் 200-600-ஐ எடுத்துக்கொண்டு அதே ஏரிக்குப் போனேன். இந்தத் தடவை கத்தல் கேட்டதும் நின்றேன், பின்னால் நடந்தேன், சத்தம் அடங்கும்வரை. முப்பது மீட்டர் தள்ளி ஒரு சீமைக்கருவேல நிழலில் தரையோடு உட்கார்ந்தேன். அரை மணி கழித்து அது தண்ணீரிலிருந்து நடந்து வந்தது. வயிற்று இறகு நனைந்து ஒட்டியிருந்தது. என் பக்கம் ஒருமுறை பார்த்தது. பிறகு முட்டைகள் மேல் நிதானமாக இறகை விரித்து உட்கார்ந்தது.

மணி பத்தரை. கானலில் எல்லாப் படமும் நெளிந்து போயிருந்தன. அதில் ஒன்றை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.