சின்ன கம்பெனிக்கு சர்வர் விர்ச்சுவலைசேஷன்: எங்க மிச்சம், எங்க மாட்டிக்குவோம்?

வழக்கமா எஸ்ஐபி, வரி, இன்சூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு சர்வர் பத்திப் பேசலாம். "நான் மாசச் சம்பளக்காரன், எனக்கு எதுக்கு இது?"னு கேக்காதீங்க. 10, 20 பேர் வேலை பாக்குற கம்பெனியில கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிஞ்சா போதும், "தம்பி, புது சர்வருக்கு கொட்டேஷன் வந்திருக்கு, என்னன்னு பாரு"னு முதலாளி உங்க கையிலதான் கொடுப்பார். அப்பாவோட கடையா இருந்தா சொல்லவே வேணாம். பில், ஜிஎஸ்டி, சம்பளப் பட்டியல் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. மாசக் கடைசியில அது படுத்துட்டா, உங்க சம்பளமும் சேர்ந்து தள்ளிப்போகும்.

விஷயம் இவ்வளவுதான்

ஒரு பெரிய வீட்டை மூணு போர்ஷனாப் பிரிச்சு வாடகைக்கு விடுற மாதிரி நினைச்சுக்கோங்க. கட்டடம் ஒண்ணு, ஆனா ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. இங்க கட்டடம்கிறது சர்வர் மெஷின். அதைப் பிரிச்சுக் கொடுக்குற மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர்னு பேரு. ஒவ்வொரு போர்ஷனும் ஒரு விர்ச்சுவல் மெஷின், சுருக்கமா விஎம். ஒண்ணுல டேலி, ஒண்ணுல ஆபீஸ் ஃபைல்கள், இன்னொண்ணுல பயோமெட்ரிக் வருகைப்பதிவு. ஒண்ணை ரீஸ்டார்ட் பண்ணா மத்த ரெண்டும் பாட்டுக்கு ஓடும்.

மிச்சம் எவ்வளவு?

ஒரு உதாரணக் கணக்கு. மூணு பழைய மெஷின், ஒவ்வொண்ணும் 100 வாட், வருஷம் முழுக்க ஓடுது. மொத்தம் 2,628 யூனிட். அதுக்குப் பதிலா 150 வாட் இழுக்குற ஒரே சர்வர்னா 1,314 யூனிட். யூனிட் 10 ரூபாய்னு வெச்சா, வருஷத்துக்கு 13,140 ரூபாய் மிச்சம். சர்வர் விலை 2 லட்சம்னா, கரண்ட் பில்லை மட்டும் நம்பி அந்தக் காசை எடுக்க 15 வருஷம் ஆகும்! அதனால "கரண்ட் மிச்சம் சார்"னு சொல்லி விக்க வந்தா சிரிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போங்க.

உண்மையான லாபம் வேற. ஒரு விஎம்ங்கிறது கடைசியில சில ஃபைல்கள்தான். அதோட பேக்கப் கையில இருந்தா, மெஷின் போனாலும் வேற மெஷின்ல ஏத்தி வேலையைத் தொடரலாம். விண்டோஸ் போடு, டேலி போடு, பிரிண்டர் செட் பண்ணுன்னு முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல.

கொட்டேஷன்ல காணாம போற செலவு

முதல்ல லைசென்ஸ். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டுக்கு ப்ராசஸரோட கோர் கணக்குல காசு. 8 கோர் மெஷினா இருந்தாலும் குறைஞ்சது 16 கோருக்கு வாங்கணும். அதுல 2 விண்டோஸ் விஎம் ஓட்டலாம். மூணாவது வேணும்னா மறுபடியும் எல்லா கோருக்கும் லைசென்ஸ் வாங்கணும். பயன்படுத்துற ஆட்களுக்கான அணுகல் லைசென்ஸும் தனி.

ஹைப்பர்வைசருக்கு அப்படி இல்ல. விண்டோஸ் சர்வர்லயே ஹைப்பர்-வி சேர்ந்து வருது. ப்ராக்ஸ்மாக்ஸ் ஓப்பன் சோர்ஸ். மென்பொருள் இலவசம், சப்போர்ட் வேணும்னா சந்தா. விஎம்வேரை 2023 நவம்பர்ல பிராட்காம் வாங்குனதுக்கு அப்புறம், ஒரு தடவை காசு கட்டி நிரந்தரமா வெச்சுக்குற லைசென்ஸ் விற்பனையை நிறுத்திட்டு சந்தாவுக்கு மாத்திட்டாங்க. இன்னும் பழைய விலையை மனசுல வெச்சுப் பேசுறவங்க நிறைய பேர்.

ஒரே பங்குல எல்லா காசும்

நீங்க முழு சேமிப்பையும் ஒரே கம்பெனி பங்குல போடுவீங்களா? இங்க அதைத்தான் பண்றோம். முன்னாடி ஒரு மெஷின் போனா ரெண்டு மிஞ்சும். இப்ப ஒண்ணு போனா மூணும் போச்சு. அதனால எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாம எஸ்ஐபி ஆரம்பிக்காதீங்கன்னு சொல்ற மாதிரியே சொல்றேன்: முதல் ரூபாய் பேக்கப்புக்கு, மிச்சம்தான் சர்வருக்கு.

ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சிருக்கோம்னு யாராவது சொன்னா ஏமாறாதீங்க. பெரும்பாலும் அது அதே டிஸ்க்லதான் இருக்கும். டிஸ்க் போனா அதுவும் போகும். மூணு பிரதி, ரெண்டு வகை சாதனம், ஒண்ணு ஆபீஸுக்கு வெளியே. அதுல ஒரு பிரதி நெட்வொர்க்ல இணைக்காம இருந்தா, ரான்சம்வேர் வந்தாலும் தப்பிக்கும். கம்பெனிச் சட்டத்துல பதிவான நிறுவனம்னா, கணக்குப் புத்தகங்களோட பேக்கப்பை இந்தியாவுக்குள்ள இருக்குற சர்வர்ல தினமும் எடுக்கணும்னு விதியே இருக்கு.

வரி விஷயம்

கம்ப்யூட்டருக்கு வருமான வரியில 40 சதவீதம் தேய்மானம். வாங்கி அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா பாதி, அதாவது 20. 2 லட்சம் சர்வருக்கு முதல் வருஷம் 80,000 ரூபாய் தேய்மானம்னா, 80,000 வரி மிச்சம்னு அர்த்தம் இல்ல. 30 சதவீத வரி கட்டுறவருக்கு மிச்சம் 24,000தான், செஸ் தனி. ஜிஎஸ்டி 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியா எடுத்துட்டா, அந்தத் தொகைக்கு மறுபடி தேய்மானம் கேக்க முடியாது. உத்தேச வருமான முறையில கணக்குக் காட்டுற கடைக்காரர்னா தேய்மானம் தனியா கிடையவே கிடையாது.

எப்படி ஆரம்பிக்கிறது?

முதல்ல இப்ப இருக்குற மெஷின்கள்ல ஒரு வாரம் மெமரி, டிஸ்க் எவ்வளவு ஓடுதுன்னு எழுதி வைங்க. அந்தக் கணக்கு இல்லாம கொட்டேஷன் வாங்காதீங்க. அடுத்து, போனாலும் பரவாயில்லைங்கிற வருகைப்பதிவை மட்டும் ஒரு விஎம்க்கு மாத்துங்க. பேக்கப் எடுங்க. வேற மெஷின்ல அதைத் திரும்ப ஏத்திப் பாருங்க. ஏறுச்சா? அப்பதான் டேலி. அதோட லைசென்ஸ் மெஷினோட கட்டுப்பட்டது, பழைய மெஷின்ல சரண்டர் பண்ணிட்டு புதுசுல ஆக்டிவேட் பண்ணணும். தேதியும் முக்கியம். மாசாமாசம் ரிட்டர்ன் போடுறவங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதி, 3பி 20ஆம் தேதி. அதனால 21க்கு அப்புறம், சம்பள வேலை தொடங்குறதுக்கு முன்னாடி மாத்துங்க.

அஞ்சு பேர் ஆபீஸ், ஒரு டேலி, ஒரு ஃபோல்டர்தான்னா இது எதுவும் வேணாம். ஒரு நல்ல கம்ப்யூட்டர், யுபிஎஸ், தினசரி பேக்கப் போதும். முதலாளி கிட்ட அதையும் தைரியமா சொல்லுங்க. "வாங்காதீங்க"னு கணக்கோட சொல்ற ஆளுக்கு, அடுத்த தடவை "வாங்கலாம்"னு சொல்லும்போது மதிப்பு இருக்கும்.