ஏலக்கூடத்தில் ஓர் அரசாங்கம்

ஏலம் என்றதும் நம் நினைவுக்கு வருவது, கடன்பட்டவன் வீட்டுப் பண்டபாத்திரங்களைத் தெருவில் பரப்பி விலை கூறும் காட்சிதான். உலகப் புகழ்பெற்ற ஓவியங்களும் இவ்வாறே விலை கூறப்படுவதுண்டு. கலைக்கூடங்கள் தம் செல்வங்களுட் பலவற்றை அன்பளிப்பாகப் பெறுகின்றன. சிலவற்றை வணிகரிடம் நிதானமாகப் பேசி வாங்குகின்றன. ஏலத்திலோ நிதானத்திற்கு இடமில்லை. மூன்றாம் தரம் கூறிவிட்டால் பொருள் கைமாறிப் போகும். பொதுமக்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சில விநாடிகளில் முடிவு செய்வது எத்தகைய பொறுப்பு என்பதற்கு, 1918-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடந்த ஓர் ஏலத்தையே நான் எடுத்துக்காட்டாகக் கூறுவேன்.

பிரெஞ்சு ஓவியர் எட்கார் தெகா 1917-இல் காலமானார். அவர் தாம் தீட்டியதோடு அமையாது, பிறர் ஓவியங்களையும் ஆசையோடு சேர்த்து வைத்தவர். அச்சேகரிப்பு 1918 மார்ச் 26, 27 தேதிகளில் ஏலத்திற்கு வந்தது. அப்பொழுது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நெடுந்தொலைவு எறியும் ஜெர்மானியப் பீரங்கி ஒன்று மார்ச் 23 முதல் பாரிஸைத் தாக்கத் தொடங்கியிருந்தது. அச்சத்தால் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். விலை தாழ்வதற்கு வேறு காரணமும் வேண்டுமோ?

லண்டனில், டங்கன் கிராண்ட் என்ற ஓவியர் இந்த ஏலத்தைப் பற்றித் தம் நண்பர் கெய்ன்ஸிடம் கூறினார். பிற்காலத்தில் பொருளாதார மேதை எனப் பெயர் பெற்ற கெய்ன்ஸ் அப்போது நிதியமைச்சகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். பிரான்சோ பிரிட்டனிடம் பெருங்கடன் பட்டிருந்த நாடு. அக்கணக்கில் ஒரு பகுதி ஓவியங்களாகவே வந்து சேரட்டுமே என்பது அவர் வாதம். போர்ச் செலவில் மூழ்கியிருந்த அரசாங்கம் இதற்கு இசைந்ததுதான் விந்தை! சுமார் 20,000 பவுன், அதாவது 5,50,000 பிராங்கு, ஒதுக்கப்பட்டது.

தேசியக் கலைக்கூடத்தின் தலைவர் சார்லஸ் ஹோம்ஸ், கெய்ன்ஸுடன் பாரிஸ் சென்றார். ஓர் அரசாங்கமே வாங்க வந்திருக்கிறது என்று தெரிந்தால் விலை ஏறிவிடும் அல்லவா? ஆகவே ஹோம்ஸ் மீசையை மழித்து, மூக்குக்கண்ணாடி அணிந்து, மாறுவேடத்தில் அமர்ந்தார் என்பர். ஆங்கர், தெலக்ருவா, மனே முதலியோரின் படைப்புகளை அவர் வாங்கினார். அவற்றுள் மனே தீட்டிய 'மாக்ஸிமிலியன் மரண தண்டனை' குறிப்பிடத்தக்கது. மனே இறந்தபின் துண்டு துண்டாக வெட்டப்பட்ட அப்படத்தின் எஞ்சிய பகுதிகளைத் தேடிச் சேர்த்தவர் தெகாவே. லண்டனில் அவை மீண்டும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு, 1992-இல்தான் ஒரே திரையில் இணைந்தன.

ஆனால் செசானின் ஓவியத்தை வாங்க ஹோம்ஸ் இணங்கவில்லை. கெய்ன்ஸ் வற்புறுத்தியும் பயனில்லை. ஏறத்தாழ 5,000 பவுனைச் செலவிடாமலே திரும்பினார். பொதுப் பணத்தைக் காக்கும் அதிகாரி என்ற முறையில் அவர்மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனினும் அந்தச் சிக்கனம் கலைக்கூடத்திற்கு நட்டமே.

கெய்ன்ஸ் தம் சொந்தப் பணத்தில் செசானின் சிறிய ஆப்பிள் ஓவியம் ஒன்றை வாங்கிக்கொண்டார். ஊர் திரும்பிய இரவில், நண்பர்கள் தங்கியிருந்த சார்ல்ஸ்டன் பண்ணை வீட்டிற்குச் செல்லும் சந்தின் முனையில் கார் அவரை இறக்கிவிட்டது. மூட்டைகளின் சுமை தாளாமல், அவர் அப்படத்தை வேலியோரத்தில் வைத்துவிட்டு வீட்டிற்கு நடந்தார். செய்தி கேட்ட டங்கன் கிராண்ட், இருட்டில் அதை எடுத்துவர ஓடினார்.