பதியாத திருமணமும் நாடற்ற பிள்ளையும்



சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று நமது கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு உறுதி கூறுகிறது. ஆனால் ஒரே சட்டம் எல்லார் மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை. படித்தவர்கள், பத்திரங்களைக் கோப்பில் அடுக்கி வைத்திருப்பவர்கள், ஒரு நாள் விடுப்பு எடுத்துப் பதிவு இலாகாவுக்குப் போய்வர முடிந்தவர்கள் ஆகியோருக்குச் சட்டம் ஒரு வேலி. இந்த வசதிகள் இல்லாத ஏழைக்கு அதே வேலி சில சமயம் முள்ளாகிவிடுகிறது. இதை விளக்க நம் சமுதாயத்தை வெகு காலமாக வாட்டும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்கிறேன். இந்த மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை இல்லாமல் வளரும் பிள்ளைகளின் பிரச்சினை அது.

மூன்று சட்டங்கள் சந்திக்கும் இடம்

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கணவர் மலேசியக் குடிமகன்; நீல நிற அடையாளக் கார்டு வைத்திருக்கிறார். மனைவிக்குப் பத்திரம் எதுவும் இல்லை. இருவரும் கோவிலில் ஊரறியத் தாலி கட்டித் திருமணம் செய்துகொள்கிறார்கள். "பதிவெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தை அரசாங்க மருத்துவமனையில் பிறக்கிறது. தந்தை மலேசியர், பிறந்த இடம் மலேசியா. பிள்ளையும் மலேசியர்தானே என்று நாம் நினைப்போம். சட்டத்தின் பதில் வேறு.

முதலாவது, திருமணச் சட்டம். முஸ்லிம் அல்லாதாருக்கான 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் சமயச் சடங்குப்படி நடந்த திருமணங்களை அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. அந்தத் தேதிக்குப் பின் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். பதியாவிட்டால், எத்தனை பேர் வந்து அட்சதை தூவியிருந்தாலும், பதிவு இலாகாவின் கணக்கில் அந்த இருவரும் மணமானவர்கள் அல்லர்.

இரண்டாவது, அரசியலமைப்புச் சட்டம். அதன் இரண்டாவது அட்டவணையில் ஒரு விதி உண்டு. திருமண பந்தத்திற்கு வெளியே பிறந்த பிள்ளையைப் பொறுத்தவரை, 'தந்தை' என்றும் 'பெற்றோர்' என்றும் வரும் இடங்களையெல்லாம் 'தாய்' என்றே கொள்ள வேண்டும் என்பதே அந்த விதி. ஆகவே தந்தையின் நீலக் கார்டு அந்தப் பிள்ளைக்கு உதவாது. தாயின் தகுதி என்னவோ அதுதான் பார்க்கப்படும். தாய்க்கோ பத்திரமே இல்லை.

மூன்றாவது, பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். 1957-ஆம் ஆண்டின் இச்சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி, மணமாகாத பெற்றோர் இருவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டால் தந்தையின் பெயரைப் பத்திரத்தில் எழுதலாம். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். "பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கிறதே, பிறகென்ன?" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பெயர் ஏறுவது வேறு, குடியுரிமை ஏறுவது வேறு. அதே பத்திரத்தில் குடியுரிமைத் தகுதி என்று ஒரு வரி உண்டு. அதில் 'புக்கான் வார்காநெகாரா', அதாவது குடிமகன் அல்லர், என்று இருக்கும். அந்த வரியைப் பலர் படிப்பதே இல்லை. பிள்ளைக்கு 12 வயதாகி மைகார்டு எடுக்கப் போகும்போதுதான் முகப்பிடத்தில் விஷயம் வெடிக்கிறது.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருமணங்கள் ஒழுங்காகப் பதியப்பட வேண்டும் என்பதில் என்ன தவறு? இந்தச் சட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் தனியே ஒரு நியாயம் உண்டு. மூன்றும் ஒன்றாகச் சேரும்போது, எந்தத் தவறும் செய்யாத ஒரு குழந்தை தண்டிக்கப்படுகிறது. நான் சொல்ல வருவது இதுதான். எளியவர்களின் உரிமை பல சமயங்களில் பறிக்கப்படுவதில்லை. சட்டங்களுக்கு இடையே உள்ள சந்தில் விழுந்து தொலைந்துபோகிறது.

உரிமை வேறு, சான்று வேறு

அந்தத் தாய்க்கு ஏன் பத்திரம் இல்லை? இதற்குப் பதில் தோட்டப்புற வரலாற்றில் இருக்கிறது. லயத்து வீட்டில் மருத்துவச்சி கையால் பிறந்த பிள்ளைகள் பலரின் பிறப்பு பதியப்படவே இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்துக்கு இடம்பெயர்ந்தபோது இருந்த காகிதங்களும் தொலைந்தன.

இதில் ஒரு வேதனை என்னவென்றால், அப்படிப்பட்டவர்களில் சிலர் சட்டப்படி குடிமக்களே. 1957 ஆகஸ்டு 31, சுதந்திர நாள் தொடங்கி 1962 செப்டம்பர் முடியும் வரை மலாயாவில் பிறந்தவர்களுக்குப் பிறந்த மண்ணே பொதுவாகக் குடியுரிமை தந்தது. 1962 அக்டோபர் முதல் மண் மட்டும் போதாது, பெற்றோரின் தகுதியும் வேண்டும் என்று சட்டம் மாறியது. அந்த ஐந்தாண்டுக் காலத்தில் பிறந்த ஒரு பாட்டிக்கு உரிமை இருந்தது. அதை நிரூபிக்கும் பத்திரம்தான் இல்லை. பாட்டியிடம் சான்று இல்லாததால் மகளுக்குச் சிக்கல். மகளுக்குச் சிக்கல் என்பதால் பேரனுக்கும் சிக்கல். ஏழைக் குடும்பங்கள் சொத்தைத்தான் விட்டுச் செல்வதில்லை என்பார்கள். சில குடும்பங்கள் பத்திரமின்மையைத் தலைமுறை தலைமுறையாக விட்டுச் செல்கின்றன.

2011-இல் அரசாங்கம் 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கத்தை நம் சமுதாயத்துக்கென்றே நடத்தியது. 2017-இல் வெளியிடப்பட்ட மலேசிய இந்தியர் பெருந்திட்டமும் இப்பிரச்சினையை ஏற்றுக்கொண்டது. பலர் பயனடைந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பிரச்சினை இன்னும் தீர்ந்தபாடில்லை.

கார்டு இல்லாவிட்டால் என்ன?

குடியுரிமை இல்லாத பிள்ளை பள்ளிக்கூடம் சேரும்போதே கூடுதல் பாரங்களும் அனுமதிகளும் தேவைப்படுகின்றன. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் அரசாங்கப் பள்ளியில் சேர வழி உண்டு. ஆனால் அந்த வழி எல்லாருக்கும் தெரிவதில்லை. அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டினருக்கான கட்டணம் கேட்கப்படுகிறது. வளர்ந்த பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, முறையான வேலை, திருமணப் பதிவு என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்கப்படுவது அந்த நீல நிறக் கார்டுதான். கார்டு இல்லாத இளைஞன் கைக்காசு வேலைக்கே போகிறான். அவனுக்குச் சேமநிதி இல்லை. முதலாளி சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் புகார் செய்யவும் அஞ்சுகிறான். போலீஸ் சாலைத் தடுப்பு போட்டிருந்தால் சுற்றுவழி தேடுகிறான்.

2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரையும் சிறார் என்கிறது. பாதுகாப்புத் தருவதில் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் சிறார் உரிமை ஒப்பந்தத்தில் மலேசியா 1995-இல் சேர்ந்தது. ஆனால், பிறந்த குழந்தைக்குப் பெயரும் நாடும் வேண்டும் என்று கூறும் 7-ஆவது விதியை நிபந்தனையோடுதான் ஏற்றது. நம் பிரச்சினையின் வேர் எங்கே இருக்கிறது என்பதை இதுவே காட்டுகிறது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

"குழந்தை பிறந்த பிறகு திருமணத்தைப் பதிந்தால் சரியாகிவிடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். பிறகு நடக்கும் சட்டப்படியான திருமணத்தால் பிள்ளைக்கு முறைப்படியான மகன், மகள் என்ற தகுதி கிடைக்க 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்கிறது. குடியுரிமைக்கு அது போதுமா என்ற கேள்வி 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்தின் முன் வந்தது. தந்தை மலேசியர், தாய் பிலிப்பைன்ஸ் நாட்டவர், குழந்தை வெளிநாட்டில் பிறந்தது, திருமணம் அதற்குப் பின்னர் பதியப்பட்டது. நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அந்தப் பிள்ளைக்கு இயல்பான குடியுரிமை இல்லை என்றது. குழந்தை பிறந்த நேரத்தில் இருந்த நிலையே கணக்கு என்பது பெரும்பான்மையின் கருத்து. அப்போதைய தலைமை நீதிபதி துன் தெங்கு மைமுன் உட்பட மூவர் அதற்கு மாறுபட்டார்கள்.

அதே 2021 நவம்பரில் வேறொரு தீர்ப்பு நம்பிக்கை தந்தது. பெற்றவர் யாரென்று தெரியாத நிலையில் விடப்பட்டு, வேறொரு குடும்பத்தில் தத்துப் பிள்ளையாக வளர்ந்தவரின் வழக்கு அது. கைவிடப்பட்ட குழந்தை இந்நாட்டில் நிரந்தரமாக வசிக்கும் தாய்க்கே பிறந்ததாகக் கொள்ள வேண்டும் என்ற விதியின் பாதுகாப்பு அவருக்கு உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சட்டத்தில் ஒரு சொல் எப்படி வாசிக்கப்படுகிறது என்பதில் ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

2024-ஆம் ஆண்டுத் திருத்தம்

வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தந்தை தன் குடியுரிமையைப் பிள்ளைக்குத் தர முடிந்தது. மலேசியத் தாயால் அப்படித் தர முடியவில்லை. இந்த ஓரவஞ்சனையை நீக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை 2024 அக்டோபர் 17-ஆம் தேதி மக்களவை 206 வாக்குகளுடன் நிறைவேற்றியது. அவ்வாண்டு இறுதியில் மேலவையும் ஏற்றது. இது பெண்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றி. ஆனால் அமலாகும் நாளுக்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பலன் கிட்டாது.

அதே திருத்தத்தில் கவலை தரும் அம்சங்களும் உண்டு. திருத்தத்துக்கு முந்தைய விதிப்படி, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிக்கு இங்கே பிறக்கும் பிள்ளை இயல்பாகவே குடிமகன். திருத்தத்தின்படி பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். சிறப்புச் சூழ்நிலையில் அரசாங்கத்திடம் குடியுரிமை கோர 15A பிரிவு தரும் வாய்ப்புக்கு வயது எல்லை 21-ஆக இருந்தது. திருத்தம் அதை 18-ஆகக் குறைக்கிறது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான பாதுகாப்பையும் மாற்ற முதலில் திட்டம் இருந்தது. பொது இயக்கங்கள் குரல் கொடுத்ததால் 2024 மார்ச்சில் அரசாங்கம் அதைக் கைவிட்டது. எளியவர்களுக்காக யாராவது பேசினால் சட்டமும் செவிசாய்க்கும் என்பதற்கு அது சாட்சி.

நாம் செய்ய வேண்டியது

சட்டம் மாறும்வரை நாம் கைகட்டிக்கொண்டு இருக்க முடியாது. நம் கையில் இருப்பவை சில.

ஒன்று, தாலி கட்டும் நாளுக்கு முன்போ அன்றோ திருமணத்தைப் பதியுங்கள். சில கோவில்களில் பதிவு செய்யும் அதிகாரம் பெற்ற உதவிப் பதிவாளர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் திருமணம் செய்தவர்கள் ஆறு மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும்.

இரண்டு, குழந்தையின் பிறப்பை 60 நாளுக்குள் பதியுங்கள். தாமதித்தால் அபராதம், கூடுதல் சான்றுகள், விசாரணை என்று வேலை நீளும். தாமதமாகிவிட்டது என்ற பயத்தில் போகாமல் இருப்பது அதைவிட மோசம்.

மூன்று, பத்திரம் கைக்கு வந்ததும் குடியுரிமைத் தகுதி என்ற வரியை அங்கேயே படியுங்கள். குடிமகன் அல்லர் என்றிருந்தால், பிள்ளைக்கு 12 வயதாகும்வரை காத்திருக்காமல் உடனே விண்ணப்பம் செய்யுங்கள். 18 வயது நெருங்கும் பிள்ளை என்றால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். மனு தள்ளுபடியானால் சட்ட உதவி மையங்களை நாடி மறுபடியும் முயலுங்கள்.

நான்கு, வாய்வார்த்தையில் பிள்ளையைக் கொடுப்பதும் எடுப்பதும் வேண்டாம். தத்தெடுப்பைச் சட்டப்படி பதியுங்கள். பெற்றவளின் அடையாளம் பற்றிய எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள்.

கோவில் நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். மண்டபத்துக்கு முன்பணம் வாங்கும்போதே, "திருமணத்தைப் பதிந்தாகிவிட்டதா?" என்று கேளுங்கள். பிறக்காத ஒரு பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் இருக்க முடியாது. சட்டம் இயற்றுவோருக்கும் ஒரு வேண்டுகோள். பெற்றோர் பதியத் தவறியதற்குப் பெற்றோரிடம் அபராதம் வாங்குங்கள். அந்தக் கடனைப் பிள்ளையின் தலையில் எழுதாதீர்கள்.