நாய்க்கும் ஒரு வரவேற்புப் பாடம்

படலையடியில் ஒருவர் நின்று குரல் கொடுக்கிறார். வீட்டார் எழுந்து வருமுன்னரே வீட்டு நாய் பாய்ந்து சென்று அவர் மார்பில் முன்னங்கால்களை ஊன்றிவிடுகிறது. கோயிலுக்கெனக் கட்டிய வெள்ளை வேட்டியிற் சேற்றுத் தடம்! "அது ஒன்றும் செய்யாது, பயப்படாதையுங்கோ" என்று நாம் உள்ளிருந்தே சொல்லுகிறோம்.

எங்கள் இல்லத்திலும் இவ்வாறே நிகழ்ந்து வந்தது. ஒருநாள் எங்களைக் காணவந்த பெரியம்மா, நாய் பாய்ந்த வேகத்தில் நிலைதவறி விறாந்தைப் படியில் வீழ்ந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அன்றே நாய் சங்கிலியிற் கட்டப்பட்டது. கட்டியதனால் அதன் ஆரவாரம் கூடியதேயன்றிக் குறையவில்லை. குற்றம் யாருடையது என எண்ணிப் பார்த்தபொழுது நாங்கள் தலைகுனிய நேர்ந்தது. குட்டியாக இருந்த காலத்தில் அது பாய்ந்தேறியதைக் கண்டு சிரித்துத் தூக்கி அணைத்தவர்கள் நாங்களே அன்றோ?

நாய் இவ்வாறு பாய்வது பகையினாலன்று. இரைதேடித் திரும்பும் தாயின் வாயை நக்கி உணவு கேட்பது ஓநாய்க் குட்டிகளின் இயல்பு. அவ்வினத்தின் வழிவந்த நாயும் மனிதரின் முகத்தை எட்டவே முயல்கிறது. நற்பயன் தரும் செயலை விலங்குகள் மீண்டும் மீண்டும் செய்யும் என்பதை அமெரிக்க உளவியலறிஞர் எட்வேட் தோண்டைக் 1898ஆம் ஆண்டிற் பூனைகளைக் கூண்டில் அடைத்து ஆராய்ந்து காட்டினார். நாய்க்கு நமது பார்வையும் பேச்சும் தொடுகையும் நற்பயன்களே. "போ" என்று தள்ளுவதுகூட அதற்கு விளையாட்டாகத் தோன்றலாம்.

ஆகவே, முதற்பாடம் வீட்டாருக்கே உரியது. நாய் பாய்ந்தாற் பேசாது, தொடாது, முகத்தைத் திருப்பி நில்லுங்கள். நான்கு கால்களும் நிலத்திற் பட்டவுடனே குனிந்து தடவிக் கொடுங்கள். தந்தையார் ஒதுங்கி நிற்க, பிள்ளைகள் கொஞ்சினாற் பாடம் பாழாகும். முதற் சில நாட்களில் நாய் முன்னிலும் வேகமாகப் பாயக்கூடும். அப்போது மனமிரங்கி விட்டால், விடாது பாய்ந்தாற் பலனுண்டு என்பதையே அது கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, இருக்கக் கற்பித்தல். சிறு மீன் துண்டொன்றை மூக்கிற்கு மேலாகப் பிடித்துத் தலையின் பின்புறமாக மெல்ல நகர்த்துங்கள். தலை உயரப் பின்பகுதி தானே தாழும். "இரு" என்று சொல்லி உடனே கொடுத்துவிடுங்கள். நாளுக்கு இருமுறை, ஐந்து நிமிடம் போதுமானது.

மூன்றாவது, ஒத்திகை. நாயைக் கயிற்றிற் பிடித்துக்கொண்டு, அயலவர் ஒருவரைப் படலையால் வரச்செய்யுங்கள். அது இருந்தால் அவர் நெருங்கட்டும், எழுந்தாற் பின்வாங்கட்டும். பாடம் படியும்வரை, மெய்யான விருந்தினர் வரும்போது நாயைத் தனியறையில் விடுதலே நன்று.

உறுமிப் பல்லைக் காட்டும் நாய்க்கு இம்முறை போதாது. மிருக வைத்தியரை நாடவேண்டும். நகம் கீறியதுதானே என்றும் வாளாவிருத்தல் கூடாது. விசர்நாய்க்கடி நோயை மனத்திற்கொண்டு, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவியபின் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

எங்கள் நாய் மூன்று மாதங்களிற் பழகியது. தைப்பொங்கலன்று பெரியம்மா மீண்டும் வந்தார். படலையடியில் தயங்கி நின்றார். நாய் வாலை ஆட்டியபடி இருந்த இடத்திலேயே இருந்தது. சற்று நேரம் அதனைப் பார்த்து நின்ற அவர், பின்னர் தாமே அருகில் வந்து கையை நீட்டினார்.