பிடித்துவிடும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்

நாய், பூனைகளுக்கான க்ரூமிங் கடைகளின் விலைப்பட்டியலில் குளியல், நகம் வெட்டுதல், காது சுத்தம் ஆகியவற்றோடு மசாஜும் சேர்ந்துவிட்டது. குளித்து முடித்த நாயை மெல்ல நீவிவிட்டு அனுப்புவதோடு நின்றால் யாருக்கும் புகார் இருக்கப்போவதில்லை. 'மூட்டுவலி தீரும்', 'நடக்காத நாயும் நடக்கும்' என்று பேச்சு திரும்பும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. அப்படிச் சொல்பவர் சிகிச்சையை விற்கிறார். அதற்கான தகுதி அவருக்கு உண்டா என்று கேட்கும் உரிமை, காசு கொடுக்கும் உங்களுக்கு இருக்கிறது.

மசாஜ் பயனற்றது என்று சொல்லவரவில்லை. வயதான லேப்ரடாரின் தொடையையும் தோளையும் பக்குவமாகப் பிடித்துவிட்டால் தசை இறுக்கம் தளரும். அது நிம்மதியாகப் படுக்கும். ஆனால் தேய்ந்த மூட்டு மசாஜால் வளராது. எடையைக் குறைப்பது, அளவாக நடக்கவிடுவது, மருத்துவர் தரும் வலி மருந்து ஆகியவைதான் முதன்மை. மசாஜ் அவற்றுக்குத் துணை மட்டுமே.

நொண்டுவதற்குக் காரணம் தெரியாமல் கை வைப்பதுதான் பெரிய தவறு. டாஷ்ஹண்ட் போன்ற நீண்ட முதுகுள்ள நாய்களுக்கு முதுகெலும்பு வட்டு பிதுங்கும் நோய் அதிகம். அந்த நிலையில் முதுகை அழுத்தினால் நரம்பு மேலும் நசுங்கி, பின்னங்கால்கள் செயலிழக்கக்கூடும். பெரிய இன நாய்களின் நொண்டலுக்குப் பின்னால் எலும்புப் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம். நம் ஊரில் உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியோசிஸ் சாதாரணம். அதில் மூட்டும் வலிக்கும், ரத்தத் தட்டணுக்களும் குறையும். அழுத்திப் பிடித்தால் தோலுக்கடியில் ரத்தம் கசியலாம். பூனையின் பின்னங்கால்கள் திடீரென இழுத்துக்கொண்டு, சில்லிட்டு, அது வலியில் அலறினால் ரத்தக்கட்டி அடைத்திருக்கக்கூடும். சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். காய்ச்சல், புண், வீக்கம், கட்டி, எலும்பு முறிவு இருக்கும்போதும் மசாஜ் கூடாது.

எண்ணெய் விஷயத்தை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நமக்கு இடுப்பு பிடித்தால் நீலகிரித் தைலம், கற்பூரம் கலந்த தைலம், வலி நிவாரணி ஜெல் என்று கைக்குக் கிடைத்ததைத் தேய்ப்போம். அதே அன்போடு நாய்க்கும் தேய்த்துவிடுகிறோம். நாயும் பூனையும் தேய்த்த இடத்தை நக்கும். தேய்த்தது வயிற்றுக்குள் போகும். கற்பூரம், யூகலிப்டஸ், டீ ட்ரீ எண்ணெய்கள் அவற்றுக்கு நஞ்சு. பல வேதிப்பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு என்பதால் அதற்கு ஆபத்து இரட்டிப்பு. டைக்ளோஃபெனாக் கலந்த ஜெல் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் பாதிப்பையும் உண்டாக்கும். கடையில் 'அரோமா', 'மூலிகை' என்று சொன்னால் பாட்டிலை வாங்கி என்னென்ன கலந்திருக்கிறது என்று படியுங்கள். படிக்கத் தராத கடையில் உங்கள் பிராணியை விடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984இன் 30ஆவது பிரிவுப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே கால்நடை மருத்துவம் செய்யலாம். சிறு சேவைகளுக்கு அரசு அனுமதிக்கும் கால்நடை உதவியாளர்களும் அவரது மேற்பார்வையில்தான் இயங்க வேண்டும். செல்லப்பிராணி மசாஜுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. அதனால் சுவரில் தொங்கும் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். 'எந்த மருத்துவர் சொல்லி, என்ன நோய்க்குச் செய்கிறீர்கள்?' என்று கேளுங்கள். பிரிட்டனில் விலங்குகளுக்கான இயன்முறை சிகிச்சையை, மருத்துவர் பரிசோதித்துப் பரிந்துரைத்த பிறகே மற்றவர்கள் செய்ய 2015ஆம் ஆண்டு ஆணை அனுமதிக்கிறது. இங்கும் அப்படியொரு தெளிவான விதி வர வேண்டும்.

பாதிப்பு நேர்ந்துவிட்டால் முதல் வேலை சிகிச்சை, அதோடு ஆவணம். அன்றே பதிவு பெற்ற மருத்துவரிடம் காட்டி, காயத்தின் விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். கடை ரசீது, பணம் செலுத்திய பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் படம், எக்ஸ்ரே எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கடையின் கேமரா பதிவை அழிக்காமல் தரும்படி எழுத்தில் கேளுங்கள். 'எது நடந்தாலும் கடை பொறுப்பல்ல' என்ற படிவத்தில் கையெழுத்திட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். கவனக்குறைவைக் கேள்வி கேட்கும் உங்கள் உரிமையை அந்தக் கையெழுத்து பறித்துவிடாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ், சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் நீதிமன்றக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் பாருங்கள். தவறு செய்தவர் பதிவு பெற்ற மருத்துவரே என்றால், மாநில கால்நடை மருத்துவ மன்றத்திலும் புகார் தரலாம்.

அடித்தோ கட்டிப்போட்டோ வதைத்திருந்தால் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960இன் கீழ் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். முதல் முறை குற்றத்துக்கு அதில் உள்ள அபராதம் இன்றும் 10 முதல் 50 ரூபாய்தான் என்பது வெட்கக்கேடு. வேண்டுமென்றே ஊனமாக்கினாலோ கொன்றாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவு 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு வழிசெய்கிறது.

வீட்டில் நீங்களே செய்ய விரும்பினால் எண்ணெய் வேண்டாம், வெறும் கை போதும். கழுத்து, தோள், தொடைத் தசைகளை முடி படியும் திசையில் 5, 10 நிமிடம் நீவுங்கள். முதுகெலும்பின் மேலோ மூட்டின் மேலோ அழுத்தாதீர்கள். காதை மடக்கினால், உதட்டை நக்கினால், உங்கள் கையைத் திரும்பிப் பார்த்தால், உறுமினால் அங்கே வலிக்கிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கடையில் விடுவதென்றால் கூடவே நில்லுங்கள். உள்ளே வரக்கூடாது என்றால் வேறு கடை பாருங்கள்.