நாவல் எழுதப் புகுவோர்க்கு

நாவல் எழுதும் ஆவலுடன் எம்மை நாடி வரும் இளைஞர், கதைக்கு எங்கே போவது என்று வினவுவதில்லை. ஸ்கந்தபுரத்திற் பிறந்தவர்க்குக் கதைப் பஞ்சமேது? 1995, 1996ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரை ஏற்றுக்கொண்ட இவ்வூர், 2008ஆம் ஆண்டில் தானே எழுந்து கிழக்கு நோக்கி நடந்தது. கொப்பி கொப்பியாக எழுதிக் குவித்த பின்னர், "இது நாவலாகுமா? யார் பதிப்பிப்பார்?" என்பதே அவர்தம் வினா.

அக்கொப்பிகளுட் பலவற்றில் ஒரே குறையைக் காண்கின்றோம். அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வோரூரிலும் ஷெல் விழும், மாந்தர் அழுவர், அடுத்த ஊருக்குச் செல்வர். அத்தனையும் உண்மையே. எனினும், நடந்த பாதை கதைப்பின்னல் ஆகிவிடாது. ஒருவர் ஒன்றை விரும்பி, அதன்பொருட்டு மற்றொன்றை இழக்கத் துணியுமிடத்திலேதான் பின்னல் தொடங்குகின்றது. உழவு இயந்திரப் பெட்டியில் ஓரிடமே எஞ்சியிருக்கின்றது எனக் கொள்வோம். தையல் இயந்திரத்தை ஏற்றுவதா, நெல்மூடையை ஏற்றுவதா? தங்கை மன்றாட, அண்ணன் நெல்லை ஏற்றிவிட்டான். அந்த ஒரு செயல் பத்தாண்டு கழித்தும் இருவருக்குமிடையே எவ்வாறு நிற்கின்றது என்று எழுதுங்கள். வாசகர் ஏட்டை மூடார்.

வன்னியிலேயே இதற்கு நல்ல சான்றுண்டு. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973ஆம் ஆண்டில் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்து, சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது. களம், தண்ணிமுறிப்பு என்னுஞ் சிற்றூர். காட்டை நன்கறிந்த கதிராமன், கள்ளமறியாப் பதஞ்சலி, வெளியிலிருந்து வந்த ஆசிரியர் சுந்தரலிங்கம் ஆகிய மூவரையும் அருகருகே நிறுத்தியதுமே கதை தானாக நகரத் தொடங்கிவிடுகின்றது. முதல் நாவலுக்கு இது போதும். மூன்று தலைமுறை, மூன்று தேசம் என்று எடுத்த எடுப்பிலேயே அகலக்கால் வைப்பானேன்?

எழுதுமுன் அத்தியாயத்துக்கு இரண்டு வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அத்தியாயத்தை நீக்கியும் கதை குலையாது நிற்குமாயின், அது வேண்டாத அத்தியாயம். காலக்கணக்கையும் தனியே எழுதி வைத்தல் நன்று. மாசி மாதத்திற் காலபோக நெல் விதைக்கும் கதாநாயகனைக் கண்டால் எமதூர்க் கமக்காரர் நகைப்பர்!

எழுதி முடித்ததைச் சில வாரம் தொடாமல் வைத்து, பின்பு உரக்கப் படித்துத் திருத்துங்கள். பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்தது பிறர் கணினியில் வெறுங் கிறுக்கலாகத் தோன்றக்கூடும், யூனிகோட்டே ஏற்றது. பக்க எண்ணும் முகவரியும் இன்றியமையாதவை. ஒரு பக்கக் கதைச்சுருக்கத்தை உடன் அனுப்புங்கால் முடிவையும் கூறிவிடுதல் வேண்டும். மிகுதியை வெள்ளித்திரையிற் காணச் சொல்வது பழைய சினிமாப் பாட்டுப் புத்தகத்துக்கே பொருந்தும். எந்தப் பதிப்பகம் நாவல் வெளியிடுகின்றது என்று அறிந்து அனுப்புங்கள். சமய நூல் மட்டுமே பதிப்பிப்பவர் உங்கள் நாவலை என்ன செய்வார்?

நம் நாட்டில் எழுத்தாளர் தம் கைப்பணத்தைப் போட்டு நூல் வெளியிடுதல் பெருவழக்கு. ஆகவே எத்தனை பிரதி, செலவு யாருடையது, ஆசிரியருக்கு எத்தனை, மறுபதிப்புரிமை யாரிடம் என்பவற்றை எழுத்திலே பெற்றுக்கொள்ளுங்கள். நகை அடகு வைத்து அச்சிடுவதை நாம் ஒருபோதும் ஆதரியோம். பதிப்புரிமைக்கெனப் பதிவு எதுவும் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது ஆசிரியரின் ஆயுட்காலமும், அதன்பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். சர்வதேச நியம நூல் எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகின்றது.

கையிலுள்ள ஒரே படியை எவரிடமும் கொடாதீர்கள். எழுதியவரோடு இடம்பெயர்ந்து, 2009ஆம் ஆண்டில் பதுங்குகுழியிலும் பாதையோரத்திலும் மறைந்துபோன ஏடுகள் இம்மண்ணில் உண்டு. ஒரு படியை மின்னஞ்சல் வழியே உங்களுக்கே அனுப்பிவையுங்கள். அச்சுப் படியொன்றை வெளியூர் உறவினர் வீட்டு அலுமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.